ஃபைண்ட்எம்என்டி வரையும் மரம்
பென்டிரைவில் பூட் செய்து லினக்ஸ் இன்ஸ்டால் பண்ண உட்கார்ந்தால், டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் சில சமயம் ஒரு முரண்டு: பார்ட்டிஷன் உபயோகத்தில் இருக்கிறதாம். நாம் எதையும் மவுண்ட் செய்யவே இல்லையே! அப்போது டெர்மினலைத் திறந்து ஃபைண்ட்எம்என்டி என்று தட்டுவதில் எனக்குத் தனி ருசி. கருப்புத் திரையில், மவுண்ட் ஆகியிருப்பவை எல்லாம் மெல்லிய கோடுகளாலான ஒரு மரமாக மளமளவென்று இறங்கும். உச்சியில் பெரும்பாலும் ஓவர்லே. ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸாக இறுக்கிச் சுருட்டிய சிஸ்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதன்மேல் ரேமில் ஓர் அடுக்கைப் போர்த்தி, எல்லாம் எழுதக்கூடியதே என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நயமான கைவேலை!

ப்ராக், சிஸ், டெவ் என்ற வழக்கமான கிளைகளை விட்டுவிட்டுக் கண் நிதானமாக இறங்கினால், மீடியா என்ற பாதையில் அழைக்காத விருந்தாளி: பழைய ஹார்ட் டிஸ்க்கின் பார்ட்டிஷன். ஃபைல் மேனேஜரில் கை தவறிச் சொடுக்கியதற்கு டெஸ்க்டாப் செய்த உபசாரம். யூமவுண்ட் போட்டால் சில சமயம் 'டார்கெட் இஸ் பிஸி' என்று மறுக்கும். ஃபியூசர் கட்டளையைக் கேட்டால் அதைப் பிடித்திருக்கும் ப்ராசஸின் எண்ணைத் தரும். பல நேரம் அது அந்த டைரக்டரிக்குள்ளேயே நிற்கும் நம் இன்னொரு டெர்மினல்தான். சிடி கட்டளை போட்டு வெளியே வந்து யூமவுண்டை மறுபடி தட்டினால், மறுபேச்சில்லாமல் விட்டுவிடும். ஸ்வாப் மட்டும் இந்த மரத்தில் தென்படாது. அதற்கு எல்எஸ்பிஎல்கே-யைக் கேட்கலாம். அதுவும் மரம்தான் வரைகிறது, கொஞ்சம் குட்டையாக.