ஒப்பும் உறழ்வும்: ஐந்தாம் வேற்றுமையும் மும்பைத் தமிழ் வகுப்பறையும்

ஒப்பீட்டை உணர்த்தும் இலக்கணக் கூறுகள் தமிழில் குறைவு என்னும் கருத்து நம் பாடநூல்களில் இன்றும் நிலவுகின்றது. இக்கருத்தின் ஊற்று, 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் எனலாம். பெயரடையோடு விகுதி சேர்த்து ஒப்புநிலையும் உயர்நிலையும் காட்டும் முறை திராவிட மொழிகளில் இல்லை என்று அவர் கூறியது உண்மையே. ஆயின், அவர் ஒரு வேறுபாடாகச் சொன்னதைப் பின்வந்தோர் ஒரு குறைபாடாகப் படித்துவிட்டனர். இவ்வாசிப்பு பொருந்துமா என்பதை மும்பைத் தமிழ் மாணவரின் மொழிச்சூழலில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தாராவியில் தமிழ்வழி பயிலும் மாணவர் தமிழோடு மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றையும் கற்கின்றனர். தாராவியில் நின்று அவர் சொல்லக்கூடிய எளிய தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'மாட்டுங்காவைவிடச் செம்பூர் தொலைவு.' இதனை மராத்தியில் 'மாட்டுங்கியாபேக்ஷா செம்பூர் தூர் ஆஹே' என்பர். இந்தியில் 'மாட்டுங்கா ஸே செம்பூர் தூர் ஹை' எனலாம். இம்மூன்றிலும் பெயரடை மாறவில்லை. ஒப்பிடப்படும் பெயரே உருபோ சொல்லுருபோ ஏற்கின்றது. வடமொழியின் 'தர', 'தம' விகுதிகள் மராத்தியிலும் இந்தியிலும் சில தற்சமச் சொற்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. எனவே விகுதியின்மை குறை என்றால், அக்குறை வடமொழியின் வழிவந்த இம்மொழிகளுக்கும் உரியதே. லியோன் ஸ்டாசன் ஆராய்ந்த 167 மொழிகளுள் 78 மொழிகள் இடப்பொருள் தரும் உருபாலோ சொல்லாலோ ஒப்பீட்டை உணர்த்துகின்றன. ஆங்கிலத்தைப் போல இடைச்சொல்லால் உணர்த்துவன 22 மட்டுமே. 'குட், பெட்டர், பெஸ்ட்' என்னும் கட்டத்தை அளவுகோலாகக் கொண்டு தமிழை அளப்பது சிறுபான்மையைப் பொதுவிதியாக்குவதாகும்.

மேற்காட்டிய இந்தித் தொடர் இன்னும் ஒரு செய்தியைத் தருகின்றது. 'மாட்டுங்காவைவிடத் தொலைவு' என்றும் 'மாட்டுங்காவிலிருந்து தொலைவு' என்றும் அஃது இருபொருள்படும். ஐயம் நீக்க 'ஜ்யாதா' என்னும் சொல்லைச் சேர்ப்பர். இம்மயக்கம் தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. 'மாட்டுங்காவின் செம்பூர் தொலைவு' எனப் பழைய நடையில் எழுதினும் இதே இருபொருள் தோன்றும். நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருளை ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூலார் வகுத்தார். சேனாவரையர் பொருவுதலை உறழ்பொரு, உவமப்பொரு எனப் பிரித்தார். காக்கையையும் களாம்பழத்தையும் இணைத்து உரைகளில் வரும் எடுத்துக்காட்டு, காக்கைபோலக் கரியது, காக்கையினும் கரியது என்னும் இரண்டிற்கும் இடந்தருவதை யாவரும் அறிவர். இந்தியின் 'ஸே' நீங்கல், எல்லை, ஏது, உறழ்வு ஆகியவற்றைத் தாங்கினும் ஒப்பைத் தாங்குவதில்லை. அதற்கு 'ஜைஸா' வேண்டும். தமிழின் 'இன்' உருபோ சமத்தையும் மிகுதியையும் ஒருங்கே தாங்கிற்று. இவ்விரிவே தனித்து ஆராயத்தக்கது. நம் வகுப்புகளில் இது மனப்பாட அட்டவணையாகச் சுருங்கிவிட்டது.

மராத்தியின் 'பேக்ஷா' குறித்து மாணவர் ஒருவர் ஒருமுறை என்னிடம் வினவினார்: 'அபேக்ஷா என்றால் எதிர்பார்ப்பு, ஒப்பிடும்போது யார் எதை எதிர்பார்க்கிறார்?' அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இவ்விரு சொல்லும் ஒன்றே; அதன் வேர் 'ஈக்ஷ்', காணுதல் என்னும் பொருளது. (இதே சொல்லடியாகத் தமிழில் வழங்கிய 'அபேட்சகர்', தேர்தல் வேட்பாளர் ஆனது வேறு கதை.) தமிழில் 'அதைப் பார்க்க இது பெரிது', 'அதைப் பார்க்கிலும்' என்கிறோம். 'காட்டிலும்' என்பதன் அடியும் காட்சியே. தெலுங்கின் 'கண்டே' என்பதும் 'கனு', அதாவது காண், என்னும் வினையிலிருந்து வந்தது. குடும்பத்தால் வேறுபட்ட மொழிகள் ஒப்பிடுதலைக் காணுதலாகவே கருதியுள்ளன. மராத்தியிடமிருந்து தமிழோ, தமிழிடமிருந்து மராத்தியோ இதனைக் கடன் கொண்டது என முடிவு கட்டுதல் அவசரமாகும். தொல்காப்பிய உவமவியல் தொகுத்துரைக்கும் உவம உருபுகளுள் 'நோக்க' என்பதும் இடம்பெற்றிருத்தல் இவண் கருதத்தக்கது. அத்தொகுப்பிலேயே 'எள்ள', 'வெல்ல', 'உறழ' என்பனவும் உள்ளன. இவை ஒப்பை மட்டுமன்றி, ஒன்று மற்றொன்றை மிஞ்சுவதையும் சுட்டும் சொற்கள். வேற்றுமையியலில் 'இன்' செய்த பணியையே இவை உவமவியலில் செய்கின்றன. இவ்விரண்டு இயல்களையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் அருகியமைக்குக் காரணம், உவமையை அணியாக மட்டும் கண்ட பிற்காலப் பார்வையே. பேராசிரியர் தம் உரையில் அணியென்பாரை மறுத்திருப்பினும் பாடத்திட்டம் அவர்பக்கம் நிற்கவில்லை.

உயர்நிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'எல்லாவற்றிலும் பெரியது' என்பதை மராத்தி 'ஸர்வாத் மோட்டா' என ஏழாம் வேற்றுமைப் பொருளில் கூறும். இந்தி 'ஸப்ஸே படா' என நீங்கற்பொருளில் கூறும். இங்கு மராத்தி தமிழின் பக்கம் நிற்கின்றது. இது தொடர்பின் விளைவா, தற்செயலா என்பது மராத்தியின் பழைய உரைநடையைப் பார்த்தே துணியத்தக்கது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளரும் மாணவனின் தமிழைக் கலப்புத் தமிழ் எனத் திருத்த முற்படும் ஆசிரியர், ஐந்தாம் வேற்றுமையின் நான்கு பொருளை அவன் அறிந்த 'ஸே', 'பேக்ஷா' ஆகியவற்றின் துணைகொண்டு கற்பித்துப் பார்க்கலாம். நன்னூல் நூற்பாவை ஒப்பிக்கத் தடுமாறும் மாணவன், தன் தெருவில் கேட்கும் மூன்று மொழிகளில் அந்நூற்பாவின் பொருளை நாள்தோறும் வழங்கிவருகின்றான்.