முடிவு தெரிந்த பேனா

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் உங்களுக்குப் பிடித்த அத்தியாயம் எது என்று யாரையாவது கேட்டால் ஒரு காட்சியைச் சொல்வார்கள், இல்லையென்றால் ஒரு வசனத்தைச் சொல்வார்கள். முழு அத்தியாயமாக மனதில் தங்கியவை மிகக் குறைவு. தனக்கென ஒரு தொடக்கமும் ஏற்றமும் நிறுத்தமும் உள்ள அத்தியாயத்தை எழுத, முன்னே நடந்ததும் பின்னே நடக்கப்போவதும் ஒருவர் மனதில் முழுதாக இருக்க வேண்டும். ஒரே எழுத்தாளர் முழுத் தொடரையும் எழுதும் முறையின் முதல் பலம் அந்த நினைவுதான்.

1990களில் சன் டிவியில் வாரந்தோறும் வந்த ‘மர்மதேச’த்தை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா, தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். அதில் ‘விடாது கருப்பு’ பகுதி, ‘விட்டு விடு கருப்பா’ என்ற இந்திரா சௌந்தர்ராஜனின் நாவலிலிருந்து வந்தது. தவறு செய்கிறவர்களைக் கருப்புசாமி தண்டிக்கிறது என்று நம்பும் ஒரு கிராமம். ஒருவனின் சிறுவயதும் வளர்ந்த வயதும் மாறி மாறி வருகின்றன. சிறுவனாக அவன் கண்டு பயந்தவற்றின் பொருள், பிளவுண்ட ஆளுமை என்ற உண்மை வெளிப்படும்போதுதான் விளங்குகிறது. நாவலை முடித்துவிட்டு வந்தவர் என்பதால் எந்த முடிச்சை எந்த வாரம் தளர்த்துவது என்பது எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் வரை ஊரே பேசித் தீர்த்ததற்கு அந்தத் திட்டமே காரணம்.

அதே பேனாவின் குறைகளும் அங்கேயே உண்டு. மர்மத்துக்குத் தேவையானவர்களாக மட்டும் சில பாத்திரங்கள் நின்றுபோகின்றன. கட்டிய முடிச்சுகளை அவிழ்க்கும் இடத்தில், காட்சி செய்ய வேண்டிய வேலையை நீண்ட விளக்கங்கள் செய்கின்றன. அறிவியலும் தெய்வ நம்பிக்கையும் மோதும்போது இரண்டுக்கும் இடம் விடுவது இந்திரா சௌந்தர்ராஜனின் வழக்கமாக இருந்தது. கதைக்கு அது ஆழம் தருகிறது. ஆனால் கொலைக்கும் நீதிக்கும் நடுவே தெளிவான நிலை எடுக்க வேண்டிய இடத்தில் அது நழுவலாகவும் தெரிகிறது. எதிர்க்கேள்வி கேட்க இன்னொரு எழுத்தாளர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நழுவல் குறைந்திருக்கும்.

தினசரித் தொடர்களின் கணக்கு வேறு. ‘மெட்டி ஒலி’ (2002–2005) எண்ணூறு பகுதிகளைத் தாண்டியது. ‘கோலங்கள்’ (2003–2009) ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. இவ்வளவையும் ஒருவர் தனியாக எழுதுவது ஆகிற காரியமில்லை. ‘மெட்டி ஒலி’யில் இயக்குநர் திருமுருகனின் கதைக்கு பாஸ்கர் சக்தியின் வசனம் மண்ணின் பேச்சைக் கொண்டுவந்தது. ‘எதிர்நீச்ச’லில் திருச்செல்வத்தின் கதைக்கு வசனம் எழுதியவர் ஸ்ரீவித்யா. அத்தொடரில் வரும் வீட்டுப் பெண்களின் அடங்கிய கோபம் நம்பும்படி ஒலித்ததில் ஒரு பெண் எழுத்தாளரின் பங்கு பெரிது. ஒற்றைப் பேனாவில் எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் பேசத் தொடங்கும் ஆபத்து உண்டு. இரண்டாவது கை அதைத் தடுக்கிறது.

அப்படியானால் தினசரித் தொடர் எங்கே சறுக்குகிறது? எங்கள் திருப்பூரில் ஒரு பனியன் நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று எத்தனையோ கைகளைத் தாண்டி வருகிறது. ஆனாலும் ஒரே உடுப்பாக வருகிறது. பையர் ஒப்புதல் தந்த சாம்பிள் முதலிலேயே மேசை மேல் இருப்பதுதான் காரணம். தினசரித் தொடருக்கு அப்படி ஒரு சாம்பிள் இல்லை. வாராவாரம் வரும் டிஆர்பி எண் கதையை இழுக்கிறது, நடிகர் விலகினால் பாத்திரம் வளைகிறது. ‘எதிர்நீச்ச’லில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தபோது ஆதி குணசேகரன் என்ற மையத்துக்கே வேறு முகம் தேட வேண்டி வந்தது. ஆக, பல கைகள் எழுதுவது சிக்கலில்லை. முடிவு தெரியாமல் எழுதுவதுதான் சிக்கல்.

பார்ப்பவரின் நேரத்தையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து எட்டரை மணிக்குக் கம்பெனியை விட்டு வருகிறவர்கள் எட்டு மணித் தொடரைத் தவறவிடுவார்கள். தினசரித் தொடர் அவர்களை மறப்பதில்லை. நேற்று நடந்ததை இன்று இரண்டு பேர் சமையலறையில் பேசிக்கொள்வார்கள். விமர்சகர்கள் இழுவை என்று சொல்வதில் ஒரு பங்கு, உழைத்துக் களைத்த பார்வையாளருக்குச் செய்யும் உதவி. ஒற்றைப் பேனாவின் இறுக்கமான தொடரோ ஒரு வாரம் தவறினாலே பார்வையாளரைக் கைவிட்டுவிடும். இந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் இன்று தொடர்கள் கைபேசியிலேயே வந்துவிட்டன. வேண்டிய நேரத்தில் விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். திருப்பிச் சொல்லும் தேவை குறைந்துவிட்டது, பழக்கம் மட்டும் குறையவில்லை.

2022-இல் வந்த ‘சுழல்’ இதைப் புரிந்துகொண்ட தொடர். எட்டு அத்தியாயங்களையும் புஷ்கர்–காயத்ரி இணையரே எழுதினார்கள். இயக்கத்தை பிரம்மாவும் அனுசரணும் பகிர்ந்துகொண்டார்கள். சிமென்ட் ஆலை தீக்கிரையாவது, சிறுமி நிலா காணாமல் போவது, மயானக் கொள்ளைத் திருவிழா மூன்றும் ஒரே சரட்டில் கோக்கப்பட்டிருக்கின்றன. தொழிற்சங்கத் தலைவரின் மகளான நிலாவும் அவரோடு மோதும் காவல் ஆய்வாளரின் மகனும் காதலிப்பதால், வேலைநிறுத்தச் சண்டை வீட்டுத் துயரமாகவும் மாறுகிறது. குறை என்றால், அத்தியாயத்துக்கு ஒருவர் மேல் சந்தேகத்தை நகர்த்தும் உத்தி சிலரை வெறும் பொறியாக்கிவிடுகிறது. இருந்தும், இயக்குநர் மாறியும் உலகம் மாறவில்லை. எழுத்து முன்பே முடிந்திருந்ததன் பயன் அது.

ஒற்றைப் பேனா தன்னளவில் உயர்ந்ததும் இல்லை, பல கைகள் தாழ்ந்தவையும் இல்லை. அளவு முன்கூட்டியே தீர்மானமான தொடரில் ஒற்றைப் பேனாவின் பலங்கள் எல்லாம் வேலை செய்கின்றன. அளவில்லாத தொடரில் அதே பேனா களைத்து, தன்னையே நகலெடுக்கத் தொடங்கும்.

இந்தக் கணிப்பு திருப்பூருக்கு நேரடியாகப் பயன்படும். நொய்யல் ஆற்றில் கலந்த சாயத்தை ‘சாயத்திரை’ நாவலில் எழுதிய சுப்ரபாரதிமணியன் இந்த ஊரில் வாழ்பவர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும் வேலை இழந்தவர்கள், வெளி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து தையலில் அமர்ந்தவர்கள், விடுதியில் தங்கிய இளம்பெண்கள் என்று பத்து அத்தியாயத்துக்கு வேண்டிய வாழ்க்கை இங்கே இருக்கிறது. மர்மதேசம் ஒரு நாவலாசிரியரை நம்பியது. இந்த ஊரை அறிந்த ஒரு நாவலாசிரியரை நம்பி, பத்தே அத்தியாயம் என்று முடிவு செய்து, படப்பிடிப்புக்கு முன் முழுவதையும் எழுத வைத்து, அதைக் கேள்வி கேட்க ஒரு பெண் எழுத்தாளரையும் உடன் அமர்த்தினால், முழு அத்தியாயமாக நினைவில் நிற்கும் தொடர் திருப்பூரிலிருந்தே வரும். தயாரிப்பாளர்கள் இதைச் செய்ய வேண்டும்.