புளூம்ஃபீல்டுக்கு ரூம் போட்ட கதை

2014இல் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்சண்டைசராகச் சேர்ந்தேன். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் அடித்திருந்தார்கள். சாம்பிளை கூரியர் பண்ணுவது, லேப் டிப்புக்கு அப்ரூவல் வாங்குவது, டையிங்காரரிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை கெஞ்சுவது, இவ்வளவுதான் வேலை. சேர்ந்த மூன்றாம் மாதம், ஜெர்மனியிலிருந்து இரண்டு பையர்கள் வருகிறார்கள், ரூம் போடு என்றார்கள். நான் மேப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நியாயமாக யோசித்தேன். ஏர்போர்ட் பீளமேட்டில். அங்கிருந்து திருப்பூர் வரும் திசையிலேயே நீலாம்பூரில் லீ மெரிடியன் இருக்கிறது. கோவை நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு லிஸ்டை முதலாளியிடம் நீட்டினேன்.

“மேப்பப் பாத்து ரூம் போட்டியா கண்ணு? பைபாஸ் ஓரத்துல எறக்கி உட்டா அவனுக்கு இது லாரி போற ஊருன்னுதான் மனசுல நிக்கும். ரேஸ்கோர்ஸ்ல போடு. காலைல எந்திரிச்சு நடக்கறதுக்கு மரம் இருக்கோணும்.”

“அங்கிருந்து வர ஒன்றரை மணி நேரம் ஆயிருமுங்க சார்.”

“ஆகட்டும். அவன் தூங்கற எடத்துல இருந்தே வெல பேச ஆரம்பிச்சிருவான்.”

அந்தக் கடைசி வாக்கியம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வேலையை விட்டு இரண்டு வருஷம் கழித்து ஜோசப் ரோத் எழுதிய ‘ஹோட்டல் சவோய்’ நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோதுதான் புரிந்தது. 1924இல் ஜெர்மன் மொழியில் வந்த சின்ன நாவல், ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம். ரோத் வாழ்நாளின் பெரும்பகுதியை ஹோட்டல் அறைகளிலேயே கழித்த ஆள். நல்ல ஹோட்டல் என்றால் அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்தப் பலவீனம்தான் இந்த நாவலின் பலம் என்று நினைக்கிறேன். ஹோட்டலை வெறுப்பவரால் இதை எழுதியிருக்க முடியாது.

கதை இதுதான். முதல் உலகப்போரில் ரஷ்யர்களிடம் கைதியாக இருந்துவிட்டு கேப்ரியல் டான் என்ற இளைஞன் மேற்கு நோக்கித் திரும்புகிறான். வழியில் ஒரு தொழில் நகரத்தில் சவோய் ஹோட்டலில் தங்குகிறான். நாவலில் ஊருக்குப் பெயர் கிடையாது. போலந்தின் லோட்ஸ் நகரம் என்றே பெரும்பாலும் வாசிக்கிறார்கள். லோட்ஸ் பஞ்சாலைகளால் உண்டான ஊர், போலந்தின் மான்செஸ்டர் என்று பெயரெடுத்தது. சவோய் என்ற பெயரில் உண்மையாகவே அங்கே ஒரு ஹோட்டல் உண்டு. கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த எவருக்கும் இந்த இடத்தில் உள்ளே மணி அடிக்கும்.

ஹோட்டலில் 864 அறைகள். கீழ் மாடிகளில் பணக்காரர்கள், விசாலமான அறைகள், தடித்த கம்பளங்கள். மேலே போகப் போக வாடகை குறைகிறது, மனிதர்களும் நொடிந்துபோகிறார்கள். உச்சியில் சலவைக்கூடத்தின் ஆவி அறைகளுக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆவியைச் சுவாசித்துச் சுவாசித்து ஒரு சர்க்கஸ் கோமாளி செத்துப்போகிறான். வெளியே இருந்து பார்த்தால் கம்பீரமான ஒரே கட்டடம். வாடகை கட்ட முடியாதவர்களின் பெட்டியை அடகு பிடித்துக்கொண்டு கடன் கொடுக்கிறான் லிஃப்ட் ஓட்டும் கிழவன் இக்னாட்ஸ். முதலாளி கலெகுரோபுலோஸை யாரும் கண்ணால் கண்டதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவிநாசி ரோடு. ரோத்தின் ஏழு மாடியை அப்படியே தரையில் படுக்க வைத்தால் அதுதான். ஒரு முனையில் ரேஸ்கோர்ஸ்: வெள்ளைக்காரர் காலத்தில் குதிரை ஓடிய வட்டம், இப்போது நடைப்பயிற்சிக்காரர்கள், நிழல் மரங்கள், தாஜ் குழுமத்தின் விவாந்தா, ஐடிசியின் வெல்கம் ஹோட்டல், அதிகாரிகளின் பங்களாக்கள். (வருமான வரி அலுவலகமும் அங்கேதான். எங்கள் முதலாளிக்கு அந்தப் பகுதியில் பிடிக்காதது அது ஒன்றுதான்.) அங்கிருந்து கிழக்கே 50 கிலோமீட்டர் வந்தால் இன்னொரு முனையில் திருப்பூர்: நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பவர்டேபிள், பேக்கிங். ஆவி இங்கே, கம்பளம் அங்கே. ரோத்தின் ஹோட்டலிலாவது ஏழையும் பணக்காரனும் ஒரே லிஃப்டில் ஏறினார்கள், ஒருவரை ஒருவர் மாடிப்படியில் பார்த்தார்கள். எங்கள் ஹோட்டலில் மாடிக்கு மாடி 50 கிலோமீட்டர் இடைவெளி. இப்போது உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலமும் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. லிஃப்ட் கொஞ்சம் வேகமாகப் போகிறது.

ஆக, ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது என்பது வசதி பார்த்து, விலை பார்த்து, ரேட்டிங் பார்த்துச் செய்கிற காரியம் அல்ல. பையர் நம்மை எந்த மாடியிலிருந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிற காரியம். சாம்பிள் ரூமில் தைத்துக் காட்டும் முதல் பீஸுக்கு முன்னாலேயே நாம் அனுப்பிவைக்கும் சாம்பிள் அந்த அறை. அதற்குத் துல்லியமான விதிகள் இருந்தன. ஜன்னல் ரோட்டுப் பக்கம் இருக்கக் கூடாது. காலைச் சாப்பாட்டில் கெட்டியான ரொட்டி இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். கார் சீட்டுக்கு வெள்ளை உறை. நொய்யலைக் கடக்கும் பாலங்கள் பக்கம் போகாதீங்க என்று டிரைவர் அண்ணனிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப்போன கதை பையர்களுக்கும் தெரியும். தெரிந்ததைக் காட்டாமல் இருப்பதும் ஒரு மரியாதை என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.

நாவலின் நடுப்பகுதி முழுக்க ஊரே ஒரு ஆளுக்காகக் காத்திருக்கிறது. ஹென்றி புளூம்ஃபீல்ட், அமெரிக்கப் பணக்காரர். அவர் வந்தால் கடை திறக்கலாம், தொழில் தொடங்கலாம், கடன் தீரும். ஆளாளுக்கு ஒரு திட்டம். அவர் வந்ததும் கேப்ரியல் அவருக்குக் காரியதரிசியாகி, வரிசையில் நிற்பவர்களை வடிகட்டி உள்ளே அனுப்புகிறான். பிறகு தெரியவருகிறது, அவர் வந்தது முதலீடு செய்வதற்காக அல்ல, அந்த ஊரில் புதைக்கப்பட்ட தன் அப்பாவின் கல்லறையைப் பார்க்க. ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுகிறார்.

உலக இலக்கியத்தில் மெர்சண்டைசரைப் பற்றி எழுதப்பட்ட மிகச்சிறந்த அத்தியாயங்கள் இவை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். கேப்ரியலுக்குத் தன் வேலை அவமானமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. பெரிய மனிதரின் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தவனுக்கு மட்டும் வரும் அந்தக் கலவையை ரோத் விளக்குவதே இல்லை. வந்தவர்களின் மனுக்களை மட்டும் காட்டுகிறார். திருப்பூரின் ஏற்றுமதிக் கதையும் இப்படி ஒரு வருகையோடுதான் சொல்லப்படுகிறது. 1978இல் வெரோனா என்ற இத்தாலியர் பம்பாய் வியாபாரிகள் மூலமாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஆள் அன்றைக்கு ராத்திரி எங்கே தங்கினார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும். புளூம்ஃபீல்ட் ராத்திரியில் கிளம்பிப்போவது எப்படி இருக்கும் என்பதை 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட வாரம் ஊர் ஒருமுறை பார்த்தது.

நம் நாவல்கள்? சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ ஆற்றின் பக்கம் நின்று எழுதப்பட்டது. எம்.கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ பனியன் கம்பெனிகளோடு வளர்ந்து, ஜெயித்து, தோற்ற நண்பர்களின் கதை. திருப்பூரை உள்ளிருந்து தெரிந்துகொள்ள விரும்பும் யாருக்கும் நான் முதலில் கொடுப்பது இந்த இரண்டையும்தான். ஆனால் இரண்டிலும் பையர் தூங்கும் அறை மையத்துக்கு வரவில்லை. ஆற்றையும் ஷெட்டையும் எழுதிவிட்டோம், ரேட் முடிவாகிற சோபாவை எழுதவில்லை. அதற்கு ஒரு காரணம் நமக்குள் இருக்கும் கூச்சம். ஏசி லாபியை எழுதினால் நாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று ஆகிவிடுமோ என்கிற பயம். உழைப்பை எழுதுவது இலக்கியம், விலையை எழுதுவது கணக்கு என்று ஒரு நினைப்பு. ஹோட்டல் லாபியைத் தேவாலயத்தோடு ஒப்பிட்டு எழுதிய ஸீக்ஃப்ரீட் க்ரகாயர், கூடியிருக்கிறார்கள் ஆனால் எதற்காகவும் கூடவில்லை என்று அங்கே ஒரு வெறுமையைக் கண்டார். அவர் திருப்பூர் முதலாளியோடு லாபியில் உட்கார்ந்ததில்லை. அங்கே எல்லோரும் மிகத் தெளிவாக ஒரே விஷயத்துக்காகத்தான் கூடியிருந்தார்கள்.

நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஜெர்மன்காரர்கள் வந்த இரண்டாம் நாள் சாயந்திரம், ரீ-சாம்பிளை எடுத்துக்கொண்டு ரேஸ்கோர்ஸ் போனோம். முதலாளி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பதினாறு வயதில் கட்டிங் டேபிளில் நின்று தொடங்கியவர். அந்த சோபாவில் முதுகைச் சாய்க்க அவருக்கு வரவில்லை. காபிக்கு வேண்டாம் என்றார். பையர் சிரித்துக்கொண்டே ஒரு பீஸுக்கு 12 சென்ட் குறைக்கச் சொன்னார். காஸ்டிங் ஷீட் என் லேப்டாப்பில். நூல் விலையை மில் சொல்கிறது. டையிங் ரேட் டையிங்காரருடையது. கப்பல்காரன் குறைக்க மாட்டான். ஓவர்ஹெட் என்று ஒரு வரி இருந்தது. அந்த லாபி, அந்த அறை வாடகை, வெள்ளை சீட் உறை எல்லாம் அதற்குள்தான். அதையும் தொட முடியாது, செலவழிந்துவிட்டது. மிஞ்சியது சி.எம்.டி. ஒன்றுதான்: வெட்டுகிற, தைக்கிற, செக் பண்ணி மடிக்கிற கூலி. முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தக் கட்டத்தில் எண்ணை மாற்றி அடித்தது நான்தான்.

என் அம்மா அப்போது வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வாரத்துக்கு 1,900 ரூபாய். அந்த அறையின் ஒரு ராத்திரி வாடகை வரியெல்லாம் சேர்த்து 7,000க்குப் பக்கம். இந்தக் கணக்கை நான் அன்றைக்குப் போடவில்லை. நாவலில் கேப்ரியல், வரிசையில் நிற்பவர்களை வடிகட்டி உள்ளே அனுப்புகிறானே, அந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான் போட்டேன்.

திரும்பி வரும்போது முதலாளி அவிநாசியில் காரை நிறுத்தச் சொல்லி, ஒரு மெஸ்ஸில் நாலு இட்லி சாப்பிட்டார். “அங்க தண்ணி கூட எறங்கல கண்ணு” என்றார். நாவலின் முடிவில் தெரியவரும், கண்ணுக்கே தெரியாத முதலாளி கலெகுரோபுலோஸ் வேறு யாருமல்ல, லிஃப்ட்காரக் கிழவன் இக்னாட்ஸ்தான். விமர்சகர்கள் சிலருக்கு இது மலிவான திருப்பமாகத் தோன்றக்கூடும். எனக்கு நாவலிலேயே மிக யதார்த்தமான இடம் இதுதான். எங்கள் ஊரில் முதலாளி யார், லிஃப்ட்காரர் யார் என்று சோபாவில் உட்காரும் விதத்தை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்கு ஏற்பில்லாதது அந்தத் தீ. தொழிலாளர்கள் கிளர்ந்து, ஹோட்டல் எரிந்து, இக்னாட்ஸும் அதிலேயே சாக, நாவல் முடிகிறது. ரோத் அவ்வளவு நேரம் பொறுமையாகக் கட்டிய கட்டடத்தை அவரே அவசரமாகக் கொளுத்திவிடுகிறார். 1924இல் ஐரோப்பாவில் அப்படித் தோன்றியிருக்கலாம். நான் பார்த்த ஹோட்டல்கள் எரியவில்லை. பெயர்ப்பலகை மாறும், சோபாவுக்குத் துணி மாற்றுவார்கள், அடுத்த சீசனுக்கு அடுத்த பையர் வருவார். நாவலாசிரியருக்குக் கஷ்டமான பொருள் அதுதான்: எரியாத ஹோட்டல்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா அறையைப் பற்றித்தான் கேட்டார். எத்தனை பெரிசு, பாத்ரூம் உள்ளேயேவா. மெத்தை விரிப்பு சுத்த வெள்ளை என்று சொன்னேன்.

“வெள்ளையா? தொட்டுப் பாத்தியா? நைசா இருக்குமே.”

“நான் ரூமுக்குள்ள போகலம்மா.”

“பின்ன எங்க இருந்தே இத்தன நேரம்?”

கீழே, லாபியில் என்றேன். லாபி என்றால் என்ன என்று கேட்டார்.