பழங்கேமராத் திரட்டும் அதன் சம்பிரதாயங்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலைகளிலிருந்து நாள்தோறும் கைப்பேசிகள் வெளிவந்த வண்ணமிருக்க, அவை ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு மூன்று லென்ஸ்கள் பதிந்திருக்கும் இக்காலத்தில், மண்ணூரில் வெளியாகும் மலரொன்றில் பிலிம் சுருள் போட்டுப் படமெடுத்த பழைய கேமராக்களைத் திரட்டுவோரைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் கருவிகளைச் செய்து பிழைக்கும் வட்டாரத்துக்கு, கருவிகளின் பூர்வோத்தரத்தில் அக்கறை இருப்பது நியாயமே.

இத்துறையில் கட்சிகள் பல உண்டு. எண்ணிக்கையே பிரதானம் என்போர் ஒரு சாரார். அவர்களுள் முதல்வராக விளங்கியவர் மும்பையைச் சேர்ந்த திலீஷ் பாரேக். 1977 முதல் அவர் சேர்த்த 4,425 கேமராக்கள் கின்னஸ் நூலில் இடம்பெற்றன. அவருடைய சிரத்தையை வியக்கிறேன். எனினும் எண்ணிக்கை பெருகுவதற்குப் பொறுமையும் இடவசதியும் போதும், ரசனை வேண்டுவதில்லை என்று வாதிடுவோர் பக்கமே நான் சேர்வேன்.

மற்றொரு சாரார் வகைபேதங்களை நாடுவோர். ஒரே பெயரில் வெளிவந்த கேமராவுக்குள்ளேயே எழுத்துப் பொறிப்பு, திருகின் வடிவம், படச்சட்டத்தின் அளவு என நுட்பமான வேறுபாடுகளை ஆராய்ந்து அலைவது இவர்கள் வழக்கம். லைக்கா 1925இல் லைப்சிக் சந்தைக்கு வருமுன் பரீட்சார்த்தமாகச் செய்யப்பட்ட இருபத்துச் சொச்சம் கேமராக்களுள், அதை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக்கே வைத்திருந்த 105ஆம் எண்ணுள்ளது, 2022இல் 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போயிற்று. இந்தத் தொகையைக் கேட்டு மயங்குகிறவர்கள், இதைவிட ருசிகரமான நிக்கானின் கதையைக் கவனிப்பதில்லை. 1948இல் தோன்றிய முதல் நிக்கானின் படச்சட்டம் 24×32 மில்லிமீட்டர்; வழக்கமான 36இல் நான்கைக் குறைத்தால் ஒரே சுருளில் கூடுதல் படங்கள் கிடைக்கும் என்பது கணக்கு. போரில் தோற்ற ஜப்பானை அப்போது ஆண்டுகொண்டிருந்த நேசநாட்டு அதிகாரிகள், அமெரிக்க ஸ்லைடுச் சட்டத்தில் இது பொருந்தாதென்று ஏற்றுமதிக்குத் தடை சொல்லவே, அடுத்து வந்த எம் வகையில் 34 ஆகவும், 1954இல் எஸ்-2 வகையில் 36 ஆகவும் அது வளர்ந்தது. அக்காலத்துப் பெட்டிகளில் காணும் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற பொறிப்பையும் சேர்த்துப் பார்த்தால், வகைபேதம் தேடுவது வெறும் பித்தென்று ஒதுக்க மனம் வராது.

அபூர்வம் இருக்குமிடத்தில் போலியும் இருக்கும். லைக்காவைப் பின்பற்றி 1934 முதல் சோவியத் நாட்டில் ஃபெட் என்ற பெயரிலும், பின்னர் ஸோர்க்கி என்ற பெயரிலும் செய்த கேமராக்களுக்குப் பொன்முலாம் பூசி, கழுகுச் சின்னம் பொறித்து, ஜெர்மானிய ராணுவத்தின் லைக்கா என்று விற்போர் அநேகர். நிபுணர்கள் முகப்பைப் பார்ப்பதில்லை. லென்ஸைக் கழற்றி உள்ளே நோக்குகிறார்கள். லென்ஸின் நகர்வைத் தூரங்காட்டிக்கு எடுத்துச் செல்லும் நெம்புகோலின் நுனியில் லைக்காவில் உருளும் சிறு சக்கரம் இருக்கும்; போலியில் ஆப்பு வடிவான துண்டுதான் தென்படும்.

நம் நாட்டவர் கேமராக்களை மதிப்போர் சிறுபான்மையினர். என் அபிமானம் அவர்களிடத்தில். ஆலப்புழையில் 1940களில் கருணாகரன் செய்த வாகீஸ்வரி கேமரா, தேக்கு மரமும் பித்தளையும் கொண்டு, இறக்குமதி லென்ஸோடு, தென்னாட்டு ஸ்டுடியோக்களில் வெகுகாலம் புழங்கியது. ஆர்மோனியத் துருத்தி செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவர் ஆதலால், மடிப்பு மடிப்பாக விரியும் கேமராத் துருத்தி அவர் கைக்கு எளிதாக வசப்பட்டது. அக்பா நிறுவனத்தின் அனுமதியோடு பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த கிளிக் 3, இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்து நடுத்தரக் குடும்பங்களின் கேமராவாக விளங்கிற்று. ஜாதவ்பூரில் அரசு நிறுவனம் செய்த நேஷனல் 35உம் உண்டு. ஏலக்காரர்கள் இவற்றை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பார்க்காததும் ஒரு வகையில் நல்லதே. விலை ஏறினால் போலி வந்துவிடும்.

தரம் காணும் விதிகள் எல்லாக் கட்சிக்கும் பொது. நம் கரையோரக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் நூல்நூலாகப் பூஞ்சை படர்வதால், முதற்கண் டார்ச் வெளிச்சத்தை உட்செலுத்திப் பார்க்கவேண்டும். ஷட்டரை ஒரு வினாடி வேகத்தில் வைத்து, அது தடையின்றி ஓடி முடிகிறதா என்று காதால் கேட்கவேண்டும். துருத்திக்குள் விளக்கை வைத்து இருட்டறையில் ஊசித்துளைகளைத் தேடவேண்டும். பித்தளையைப் பளபளவென்று தேய்ப்பதும், உதிர்ந்த கறுப்பு வண்ணத்தின்மேல் புது வண்ணம் பூசுவதும் மகாபாதகங்கள்; மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகும் வரை அங்கே பழம்பொருள் விற்ற சில வியாபாரிகளுக்கும் இந்த வழக்கம் உண்டு.

வைத்துப் பார்ப்பதைவிடப் படமெடுப்பதே உத்தமம் என்போர்க்குப் பிலிம்தான் பிரச்சினை. 1967இல் உற்பத்தி தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து பிலிம் இன்று இல்லை. கிளிக் 3 ஏற்கும் 120 சுருள் மட்டும் அயல்நாடுகளிலிருந்து இன்னும் வருகிறது. கோடாக்கின் 620 கேமரா வைத்திருப்போர், பிலிமின் அகலம் ஒன்றேயாதலால், அந்த 120ஐ வாங்கி இருட்டில் மெல்லிய 620 உருளைக்கு மாற்றிச் சுற்றிக்கொள்கிறார்கள்.