கரை ஏலமும் கச்சேரி ஏலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடன்குடிப் பக்கத்து மனிதர் ஒருவர் சர்க்கார் ஏலத்தை இரண்டு இடங்களில் பார்த்திருக்கலாம். ஒன்று, வடக்கே தூத்துக்குடிக் கடற்கரையில் சலாபக் காலத்தில், அதாவது முத்துக்குளிப்புக் காலத்தில், நடந்த முத்துச்சிப்பி ஏலம். மற்றது, தீர்வை பாக்கிக்காக ஜப்தியான நிலத்தின் ஏலம். இரண்டையும் நடத்தியது ஒரே ஆட்சி. இரண்டிலும் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்றுதான் கூவினார்கள். ‘யாரும் வந்து கேட்கலாம், மறைவு ஒன்றுமில்லை’ என்பதுதான் இரண்டுக்கும் ஆட்சி சொன்ன நியாயம். காலனிய ஏலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நியாயத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறார்கள். இல்லையென்றால் எல்லாமே கொள்ளை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு ஏலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு முடிவுமே நிற்பதில்லை.

முதலில் கரை. முத்துச் சலாபம் ஆண்டுதோறும் வருவதில்லை. பாரில், அதாவது கடலடியில் சிப்பி விளையும் படுகையில், சிப்பி முற்றினால்தான் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் 1822, 1830 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. பிறகு முப்பது ஆண்டு இடைவெளி விட்டு 1860 முதல் 1862 வரையும், அதன்பின் 1889, 1890, 1900 ஆகிய ஆண்டுகளிலும் நடந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இந்தச் சலாபத்தைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1890இல் அச்சாயின.

கூவல் தொடங்குவதற்கு வெகுநாள் முன்பே ஒரு வேலை நடந்துவிடும். பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பி எவ்வளவு பெறும் என்ற கணக்கு விளம்பரமாகிவிடும். சலாபம் தொடங்கியபின் தோணிகள் கரை சேர்ந்ததும், வேலி அடைத்த கொட்டகைக்குள் சிப்பியை மூன்றாகக் குவிப்பார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கை மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள்.

வாங்குகிறவர் மூடிய சிப்பியைத்தான் வாங்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று கூவுகிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. பிறகு சிப்பியைப் பல நாள் அழுகவிட வேண்டும். ஈ மொய்த்து, புழு வைத்து, நாற்றம் ஊரைத் தூக்கும். கடைசியில் கழுவி அரித்தால் அடியில் முத்து தங்கும். அதைப் பித்தளைச் சல்லடைகளில் பருமன் வாரியாகப் பிரித்து, ஆணி, அனதாரி, மசங்கு, குறவல் என்று வகை பார்த்து, தூள் வரைக்கும் விலை போடுவார்கள். ஆணி முத்து ஒன்று அகப்பட்டாலே ஒரு குடும்பம் தலைநிமிரும். ஆயிரமும் வெறும் தூளாகப் போவதும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் மூன்று விஷயங்களை மெச்சத்தான் வேண்டும். விற்கிறவரிடம் இருந்த தகவல் வாங்குகிறவருக்கும் முன்பே கிடைத்தது. ஆயிரம் ஆயிரமாகப் பிரித்ததால் கீழக்கரையின் பெரிய முத்து வியாபாரி கேட்கும் இடத்தில் நடுத்தர வியாபாரியும் நிற்க முடிந்தது. மூன்றாவதைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். குளித்தவருக்குக் கூலி காசாகக் கிடைக்கவில்லை, சிப்பியாகவே கிடைத்தது. அதை அவர் கொட்டகைக்கு வெளியே நாலு, எட்டு என்று சில்லறையாக விற்கலாம். விலை ஏறினால் அவர் குவியலுக்கும் ஏறும். ஏலம் நன்றாக நடப்பதில் அவருக்கும் பங்கு இருந்தது.

மாற்று ஏற்பாடு எப்படி இருந்தது என்பதை இலங்கையின் மன்னார்ப் பக்கம் பார்த்தால் தெரியும். 1797இல் அங்கே சலாபம் முழுவதும் ஒரே குத்தகைதாரர் கையில் போனது. 1906இல் இலங்கை அரசு ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று இருபது ஆண்டுக் குத்தகையாகப் பார்களை ஒரே கம்பெனிக்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுச் சலாபம் ஒன்றே அரசுக்கு இருபத்தைந்து லட்சம் ரூபாய் அளவுக்குக் கொடுத்திருந்தது. ஆனால் குத்தகை எடுத்தபின் பார்கள் கைவிட்டன. கம்பெனி காலக்கெடு முடியும் முன்பே கலைந்தது. இத்தோடு ஒப்பிட்டால் தூத்துக்குடியின் மாலை ஏலம் எவ்வளவோ மேல்.

குறைகளும் உண்டு. வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்துக் கேள்வியை அமுக்கலாம்; அதிகாரி ஏலத்தை நிறுத்திவைத்தால்தான் அதற்கு மருந்து. கடல் சர்க்காருடையது என்ற முதல் கூற்றையும் யாரும் ஏலத்தில் கேட்டு வாங்கவில்லை. பரதவர் பரம்பரையாகக் குளித்த பார்களில் போர்த்துகீசியரும், 1658க்குப் பின் ஒல்லாந்தரும், கடைசியில் ஆங்கிலேயரும் மேலாட்சி செலுத்தினார்கள். உயிரைக் கொடுத்துக் குளிக்கிறவருக்கு மூன்றில் ஒன்றுதானா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது பங்கீட்டின் குற்றம். ஏலமுறை மேல் அதைச் சுமத்த முடியாது.

இனி கச்சேரி, அதாவது தீர்வை பாக்கிக்கான நில ஏலம். 1864ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம், அதாவது வருவாய் வசூல் சட்டம், தாளில் சுத்தமாகவே இருக்கிறது. அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஊரில் தண்டோரா போட வேண்டும். பாக்கிக்குத் தேவையான அளவுக்கு மேல் நிலத்தைக் கூடியவரை விற்கக் கூடாது. ஏலம் எடுத்தவர் நூற்றுக்குப் பதினைந்தை உடனே கட்டி, மீதியை முப்பது நாளுக்குள் கட்ட வேண்டும். பாக்கிபோக மிஞ்சுவது நிலக்காரருக்கு.

இதை உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். செம்மணல், வானம் பார்த்த புஞ்சை, கொஞ்சம் பனை. கையில் காசு வருவது கருப்பட்டி விற்றால்தான். தீர்வைக் கிஸ்தியோ குறித்த மாதத்தில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். இல்லாதவர் போய் நிற்பது, முன்பணம் கொடுத்துக் கருப்பட்டியை எடுத்துக்கொள்ளும் வியாபாரியிடம். அந்த நிலம் ஏலத்துக்கு வந்தால் கேட்கும் வசதி உள்ளவரும் பெரும்பாலும் அவரே. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து தேரி ஓரத்தில் இரண்டு ஏக்கர் புஞ்சையைக் கேட்டு என்ன செய்வார்? ஊர்க்காரர் அண்டை வீட்டார் நிலத்தைக் கேட்கக் கூசுவார். கேள்வியே இல்லாவிட்டால் சர்க்காரே பெயருக்கு ஒரு தொகை சொல்லி எடுத்துக்கொள்ளும் வழியும் இருந்தது. பலர் போட்டியிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய சட்டம், போட்டியே இல்லாத இடத்தில் வேலை செய்தது.

அந்த நிலம் உண்மையில் எவ்வளவு பெறும் என்று, கரையில் சிப்பிக்குச் செய்தது போல, முன்கூட்டி மதிப்பிட்டு அறிவிக்கும் ஏற்பாடு இல்லை. கணக்கு தொடங்குவது பாக்கியிலிருந்து. சிப்பி குறைந்த விலைக்குப் போனால் சர்க்கார் கருவூலத்துக்கு நஷ்டம், ஆகவே அதிகாரி விழிப்பாக இருந்தார். நிலத்தில் பாக்கி வசூலானால் அதிகாரியின் கவலை தீர்ந்தது. அதற்கு மேல் வர வேண்டிய விலை போனால் போனது நிலக்காரருக்கு மட்டும். பின்னாளில் சேர்ந்த ஒரு பிரிவு, முப்பது நாளுக்குள் பாக்கியோடு ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்தும் கட்டினால் நிலத்தை மீட்கலாம் என்றது. பாக்கி கட்டவே வழியில்லாதவர் அதற்கு மேலும் கட்டுவது எப்படி?

ஆகவே என் தீர்ப்பு பிரிந்துதான் வருகிறது. சிப்பி ஏலம் அதன் காலத்துக்கு நேர்மையான, புத்திசாலித்தனமான முறை. காலனிய ஆட்சி செய்தது என்பதற்காக அதன் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. நில ஏலம் அநீதி. அதை நடத்தியவர்கள் விதியை மீறவில்லை என்பதும் அந்த அநீதியைக் குறைக்காது. நல்ல ஏலம் எப்படி நடத்துவது என்று அதே ஆட்சிக்குத் தெரிந்திருந்தது என்பதால் அதன் பொறுப்பு கூடுகிறது. தன் வருமானம் ஆடிய இடத்தில் மாதிரி எடுத்து, மதிப்பிட்டு, சிறு குவியலாகப் பிரித்தது. குடியானவரின் சொத்து ஆடிய இடத்தில் அந்த அக்கறை எதையும் காட்டவில்லை.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது.