'அரசாங்கம் உதவ வேண்டும்': எந்த அலுவலகம், எந்த முகப்பு?

'உடற்பேறு குறைந்தோருக்கு நாம் எவ்வாறு உதவலாம்?' என்று ஒரு கருத்து விளக்கக் கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வருகிற கட்டுரைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். முன்னுரையில் ஒரு குறள், முதல் கருத்து சாய்தளம், இரண்டாவது சக்கர நாற்காலி, மூன்றாவது நன்கொடை, நான்காவது 'அரசாங்கம் உதவ வேண்டும்'. மொழி சுத்தமாக இருக்கும், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனா கட்டுரை முழுக்கத் தேடினாலும் டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளை கிடையாது, ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞர் கிடையாது. நம் மாணவர்களின் கட்டுரையில் குறைபாடு என்றால் கால், இல்லாவிட்டால் கண்.

இதில் பாதிப் பழி அந்தச் சொல்லுக்கே சேரும். 'உடற்பேறு குறைந்தோர்' நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் நிலைத்துவிட்ட சொல். 'உடல்' என்று அது தொடங்குவதால், அறிவு வளர்ச்சி, பேச்சு, பழகும் முறை ஆகியவற்றில் உள்ள குறைபாடுகள் அதற்குள் கண்ணில் படுவதில்லை. தமிழ்நாட்டில் வழங்கும் 'மாற்றுத்திறனாளி' மரியாதையான சொல்தான். ஆனால் முப்பது வயது மகனைத் தினமும் குளிப்பாட்டிவிடும் ஒரு தாய்க்கு அந்தச் சொல்லால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்கு வேண்டியது ஓர் உதவியாள். அதனால் இங்கே 'வளர்ச்சிக் குறைபாடு' என்றே எழுதுகிறேன். சமூகநல இலாகாவின் ஓ.கே.யு. பதிவில் ஏழு பிரிவுகள் உண்டு. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் 'கற்றல் குறைபாடு' என்ற ஒரே பிரிவுக்குள் போய்விடுகிறார்கள். எழுத்துக்கூட்டத் தடுமாறும் டிஸ்லெக்சியா மாணவனும், பேச்சே வராத சிறுமியும் ஒரே பெட்டியில். பெட்டியின் பெயரைப் பார்த்து யாருக்கு என்ன தேவை என்று சொல்லிவிட முடியுமா?

இப்போது 'அரசாங்கம் உதவ வேண்டும்' என்ற வாக்கியத்துக்கு வருவோம். மாணவர்களே, எந்த அரசாங்கம்? குறைபாட்டை உறுதிப்படுத்துகிற மருத்துவர் சுகாதார அமைச்சின் கீழ். அவர் நிரப்பிய பாரத்தோடு அட்டைக்குப் பதிய வேண்டிய சமூகநல அலுவலகம் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ். பிள்ளை படிக்கும் சிறப்புக் கல்வி வகுப்பு கல்வி அமைச்சின் கீழ். மூன்று அமைச்சு, மூன்று முகப்பு. ஒரு முகப்பில் கொடுத்த தாள் அடுத்த முகப்புக்குத் தானாக நடந்து போகாது. கோப்பைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நடப்பது அம்மாதான். பதிவு கட்டாயமும் இல்லை. அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களோ என்று தயங்கும் குடும்பம், அட்டையோடு வரும் சலுகைகளையும் சேர்த்தே விட்டுவிடுகிறது.

பள்ளிப் பருவம் பரவாயில்லை என்றே சொல்வேன். 2019இல் நடைமுறைக்கு வந்த 'சிபார் பெனொலாக்கான்' கொள்கையின்படி, சிறப்புத் தேவை உள்ள பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்புகள் சில தமிழ்ப்பள்ளிகளிலும் நடக்கின்றன. மாதம் 150 ரிங்கிட் மாணவர் உதவித்தொகையும் இருந்துவருகிறது. ஆசிரியர் போதவில்லை, இடம் போதவில்லை என்பது வேறு பேச்சு. உங்களுக்கே தெரியும். சிக்கல் தொடங்குவது 19 வயதில். அதுவரை காலையில் சீருடை போட்டு, டிபன் டப்பாவோடு கிளம்பிய பிள்ளை, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வீட்டில். பள்ளியோடு அந்த உதவித்தொகையும் நின்றுபோகும். பெற்றோருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது.

அந்த வயதுக்குப் பிறகும் திறந்திருக்கிற ஒரு கதவு உண்டு: பெமுலிஹான் டாலாம் கொமுனித்தி, சுருக்கமாக பி.டி.கே. சமூகத்துக்குள்ளேயே மறுவாழ்வு என்று பொருள் கொள்ளலாம். 1984இல் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் 55 பேரோடு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 500க்கும் மேற்பட்ட நிலையங்கள். பணம் சமூகநல இலாகாவுடையது, நடத்துவது அந்தந்த ஊர்ச் செயற்குழு. பிள்ளைகளும் வரலாம், பெரியவர்களும் வரலாம். பல் துலக்க, சட்டைப் பொத்தான் போட, பேச, பழக, சிறு கைத்தொழில் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். நிலையத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தரும் முறையும் திட்டத்தில் இருக்கிறது. பயிற்சி பெறுவோருக்குப் பல ஆண்டுகளாக மாதம் 150 ரிங்கிட் படித்தொகை இருந்துவந்தது.

யோசனை நல்ல யோசனை. பெரிய காப்பகத்தில் கொண்டுபோய் அடைக்காமல், பிள்ளை வளர்ந்த ஊரிலேயே, அக்கம்பக்கத்தார் பார்க்க, பொதுப் பணத்தில். இதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் நிரந்தர அரசு ஊழியர்களாக இல்லாமல் மாதப் படித்தொகையில் காலம் தள்ளிவந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பேச்சுப் பயிற்சி நிபுணர்களோ தொழில்வழிச் சிகிச்சையாளர்களோ அல்லர். உள்ளூர்க் குழு சுறுசுறுப்பாக இருந்தால் நிலையம் உயிரோடு இருக்கும், குழு தூங்கினால் நிலையமும் தூங்கும். உள்ளூர் என்பதன் பலமும் அதான், பலவீனமும் அதான். இன்னொன்று, தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டியது. நிலையத்தில் பேசுவது பெரும்பாலும் மலாய். வீட்டில் 'தண்ணி', 'சோறு' என்ற இரண்டு சொல்லைப் பிடிக்கவே ஐந்து வருடம் எடுத்த பிள்ளைக்கு அங்கே 'ஆயிர்', 'நாசி'. மற்ற பிள்ளைகள் இரண்டையும் அள்ளிக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைக்கு அது பாதி மொழியை மறுபடி முதலிலிருந்து கற்பது போல.

சரி, நிலையத்தில் இடமில்லை என்றாலோ, பக்கத்தில் நிலையமே இல்லை என்றாலோ, குடும்பம் என்ன செய்யலாம்? இங்கேதான் 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டத்தை, அதாவது சட்டம் 685ஐ, எடுத்துப் படிக்க வேண்டும். கல்வி, வேலை, மறுவாழ்வு என்று எல்லாவற்றையும் அழகாகப் பேசுகிறது. மீறினால் தண்டனை என்று ஒன்றும் இல்லை. போதாததற்கு 41ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி காப்பு தருகிறது. கூட்டரசு அரசமைப்பின் 8(2) பிரிவில் பாகுபாடு கூடாத காரணங்களின் பட்டியல் உண்டு. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம். குறைபாடு அதில் இல்லை.

ஒப்பிட ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1969இல் லான்டர்மன் சட்டம் என்று ஒன்று வந்தது. அங்கும் பி.டி.கே. போலத்தான்: மாநிலப் பணம், நடத்துவது லாபநோக்கற்ற உள்ளூர் அமைப்புகள். வட்டார மையங்கள் என்று 21 இருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் என்ன உதவி என்பதைத் தனித் திட்டமாக எழுதி வைக்கிறார்கள். மையம் மறுத்தால் விசாரணை கேட்கலாம். இது சலுகை இல்லை, சட்டப்படி உரிமை என்று 1985இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கேயும் காத்திருப்பு உண்டு, மையத்துக்கு மையம் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனால் 'இல்லை' என்று சொன்னவரிடம் 'ஏன் இல்லை, எழுதிக் கொடுங்கள்' என்று கேட்க ஒரு தாய்க்குச் சட்டம் இடம் தருகிறது. நம் மாதிரிக் கட்டுரைகள் கருணை, இரக்கம், மனிதநேயம் என்று மூன்று பத்தி எழுதுகின்றன. 'உரிமை' என்ற சொல்லைப் பெரும்பாலும் முடிவுரையில் ஒரு அலங்காரமாகத்தான் பார்க்கிறேன்.

ஆசிரியர்களே, அடுத்த முறை இந்தத் தலைப்பைக் கொடுக்கும் முன் ஒரு சின்ன வேலை கொடுங்கள். தங்கள் வட்டாரத்தில் உள்ள பி.டி.கே. எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும், வீட்டிலிருந்து எந்தப் பேருந்து என்று மாணவர்கள் கண்டுபிடித்து வரட்டும். மாணவர்களே, 'அரசாங்கம்' என்று எழுதும்போது அமைச்சின் பெயரையும், 'உதவி' என்று எழுதும்போது அது எந்த வயதில் நிற்கிறது என்பதையும் எழுதிப் பாருங்கள். கட்டுரை ஒரு பத்தி நீளும். சக்கர நாற்காலிப் பத்தியை எடுத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும்.