வாங்கும் வீடும்

ஸிற்ஸி டங்காரெம்ப்காவின் ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’ (1988) நாவலில், றொடீசியாவிலே நியாஷா என்னும் பெண் உணவை வெறுத்து மனஞ்சிதைகிறாள். ஆபிரிக்கருக்கு இந்நோய் வருவதில்லை, வீட்டிலே கண்டித்து வையுங்கள் என்கிறான் வைத்தியன். அவளைச் சிதைத்ததே தந்தையின் கண்டிப்புத்தானே!

அதே நாட்டில், இன்றைய சிம்பாப்வேயில், 2006 இல் உளநல வைத்தியர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிமாருடன் ‘நட்பு வாங்கு’ திட்டத்தைத் தொடங்கினார். ஷோனாப் பெண்கள் தம் துயரைக் ‘குஃபுங்கிசிசா’, அதாவது ஓயாத யோசனை, என்பர். மருத்துவப் பட்டமில்லாத பாட்டி மரவாங்கிலிருந்து அதைச் செவிமடுக்கிறாள். எத்துன்பத்தை முதலில் தீர்ப்பதென இருவரும் ஆராய்கின்றனர்.

இதனை ஆபிரிக்கக் கூட்டுவாழ்வின் மாண்பென்று போற்றுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. நியாஷாவின் தந்தைக்கு அதிகாரம் அளித்ததும் அக்கூட்டுவாழ்வே. வாங்கின் பெருமை வேறு: அங்கே கணவனுமில்லை, மாமியுமில்லை, அயற்கிழவி ஒருத்தியே இருக்கிறாள். வேலையையும் வாடகையையும் அவளாலே தரவியலாது. அவற்றை அரசிடமே கேட்கவேண்டும்.